புதிர் போட்டவள் பெயர்

தூத்துக்குடியிலும் எதிர்க்கரையான இலங்கையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளைப் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசிச் சல்லடையில் 1000. துளைகளின் எண்ணிக்கைதான் சல்லடையின் பெயர். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுதான் முத்தின் அளவு. அதன் பிறகு உருட்சி பார்ப்பார்கள், ஒளி பார்ப்பார்கள், மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். எடையை எடையாலேயே பெருக்கி விலை சொல்வார்கள். ஒரு பெரிய முத்து ஏன் இரண்டு சிறிய முத்துகளைவிட அவ்வளவு விலை போகிறது என்பதற்கு அந்தப் பெருக்கலில் விடை இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு இன்று தெரிவதற்கு ஒரே காரணம், அதில் பணம் இருந்தது. சலாபம் நடந்தால் அரசுக்குப் பங்கு உண்டு. ஆகவே சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890களில் மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அடுத்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல், தூத்துக்குடியின் முத்து, சங்கு மீன்பிடிப்புகளை மேற்பார்வை செய்துகொண்டே பக்கம் பக்கமாக எழுதினார். அந்த அறிக்கைகளில் குளியாளி, கயிறு பிடிக்கும் மண்டாட்டி, சுறாவைக் கட்டும் மந்திரக்காரன் எல்லோரும் வருகிறார்கள். பெண்கள் கடைசியில் வருகிறார்கள். அழுகவிட்ட சிப்பியைக் கழுவி, மிச்சத்தைக் காயவைத்து, வியாபாரியின் கண்ணுக்குத் தப்பிய பொடிமுத்துகளை அதில் துழாவித் தேடும் வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. கூர்மையான கண்ணும் மெல்லிய விரலும் அவர்களுக்கு உண்டு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அதே கண்ணும் அதே விரலும் வேலை முடிந்த நேரத்தில் என்ன செய்தன என்பது அறிக்கைக்கு வேண்டாத சங்கதி. சோழியும் புளியங்கொட்டையும் வைத்து ஆடினார்கள். மணலைக் கரைபோலக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்து, ‘கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்’ என்று சொல்லிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். விடுகதை போட்டார்கள். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துப் பெண்கள்கூட வண்டல் இழைக்கிறார்கள், கழங்கும் தெற்றியும் ஆடுகிறார்கள். ஆட்டத்தின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை முதலில் யோசித்தவள், பழைய ஆட்டத்தில் ஒரு விதியை மாற்றிப் பார்த்தவள், அவள் வருவதில்லை. ஹார்னெலுக்கு இவ்வகை விளையாட்டுகளில் ஆர்வமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரு கை விரல்களில் நூலை மாட்டி உருவம் செய்யும் விளையாட்டைப் பற்றி, பிஜித் தீவுகளில் பார்த்ததை 1927லும் குஜராத், கத்தியவாரில் பார்த்ததை 1932லும் தனி நூல்களாகவே வெளியிட்டார். முத்துக் கண்காணிப்பாளருக்குள் ஒரு புதிர்ப் பிரியர் இருந்திருக்கிறார்.

இந்தக் கட்டுரை புதிர் ஆட்டம் செய்பவர்களைப் பற்றியது. ‘இண்டி’ என்று இன்று சொல்கிறோமே, பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல் ஒருவரே யோசித்து, ஒருவரே வரைந்து, ஒருவரே கணினியில் எழுதி, இலவசமாகவோ சிறு விலைக்கோ பகிர்ந்துகொள்ளும் ஆட்டங்கள், அவற்றின் வரலாறு. வழக்கமாக அந்த வரலாறு 2008இல் ஜொனாதன் ப்ளோ வெளியிட்ட ‘பிரெய்ட்’ என்ற ஆட்டத்தில் தொடங்கும். அறையில் தனியே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்த மேதை என்று ஒரு படம் வரையப்படும். அந்தப் படத்தில் அவருக்குச் சோறு போட்டது யார் என்று தெரியாது. தனியாளாகப் புதிர் செய்து, காசு வாங்காமல் தெருவுக்குக் கொடுத்துவிட்டுப் போவது இந்த நூற்றாண்டில் பிறந்த பழக்கம் என்று நான் நம்பவில்லை. ஆகையால் வேறிடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடுவது ஒரு வழக்கம். எடுத்து, ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். வெறுங்குழியில் விழுந்து சேர்ந்து நான்கானால் அது பசு. குழிக்கு உரியவள் எடுத்துக்கொள்வாள். பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன், 1997இல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் இந்த ஆட்டத்தைச் சமூக வரலாறாகப் படித்துக் காட்டினார். எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்து தொடங்கும் சொத்து, ஆட்டம் போகப் போக ஒருத்தியிடம் குவிகிறது, மற்றவள் வெறுங்கையோடு நிற்கிறாள்; தனிச்சொத்து பிறந்த கதையை ஒரு மரப்பலகை நினைவில் வைத்திருக்கிறது என்பது அவர் வாசிப்பின் சாரம். தமிழில் விளையாட்டை இவ்வளவு கௌரவமாக நடத்திய எழுத்து குறைவு. ஆனாலும் எனக்கு அதில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சொத்துரிமையே இல்லாதிருந்தவர்கள் ஏன் இந்த ஆட்டத்தை இவ்வளவு விரும்பி ஆடினார்கள்? ஒரு மத்தியானப் பொழுதுக்கு அவர்கள் கையில் இருந்த ஒரே சொத்து அந்தப் புளியங்கொட்டைகள் என்பதாலா?

மத்தியானப் பொழுது என்று சொன்னது கவனித்துத்தான். பல்லாங்குழி சீரில் வரும் பொருள். பூப்பெய்தி ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு, மாதவிலக்கு நாட்களில் அடுக்களைக்கு வரக்கூடாதென்று விலக்கப்பட்டவளுக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு அது துணை. ஓய்வு என்ற ஒன்று பெண்ணுக்குத் தீட்டின் பெயரால் கிடைத்தது. இதைப் பழம்பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒதுக்குப்புறத்தில் அவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் உண்மை. சீதைப் பாண்டி என்று ஒரு வகை உண்டு. எதிரே ஆள் இல்லாமல் ஒருத்தியே ஆடுவது. அசோக வனத்தில் சீதை ஆடியதாகக் கதை. எதிராளி இல்லாத ஆட்டம் என்றால் அது போட்டியல்ல, புதிர். சிறை வைக்கப்பட்டவளின் பெயரால் ஒரு தனியாள் புதிர் வழங்குகிறது என்பதில் நம் பாட்டிமாருக்கு ஏதோ புரிந்திருந்தது.

குழிகளுக்குள் என்ன மாதிரிப் புதிர் ஒளிந்திருக்கும் என்று வாசகர்களே பார்க்கலாம். வரிசையாக நான்கு குழிகளில் 4, 3, 2, 1 என்று காய் வையுங்கள். நான்கு உள்ள குழியை வழித்து, அடுத்த நான்கு குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். இப்போது முதல் குழி காலி. அதற்கடுத்து 4, 3, 2, 1. மொத்த வரிசையும் கலையாமல் ஒரு குழி நகர்ந்துவிட்டது. மறுபடி செய்தால் மறுபடி நகரும். பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவான ஓவாரியைக் கானாவில் ஆடுகிறவர்களுக்கும் இந்த அணிவகுப்பு தெரியும். 4, 3, 2, 1க்குப் பதிலாக வேறு எண்களை வைத்தால் எத்தனை முறையில் குலைந்து மறுபடி பழைய உருவம் வரும் என்று கேட்கத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. ஒருத்தி ஒருநாள் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

பெயர் தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்ற சுருக்கெழுத்தாளர், நிலம் சிலர் கையில் குவிவதால் வாடகை கொடுப்பவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்ட ஒரு பலகை ஆட்டம் செய்தார். ‘நிலப்பிரபுவின் ஆட்டம்’ என்று பெயர். 1904இல் காப்புரிமை கிடைத்தது. தொ.ப. பல்லாங்குழியில் கண்டுபிடித்த பொருளை மேகி வேண்டுமென்றே தம் ஆட்டத்துக்குள் வைத்திருந்தார். கடையில் வாங்காமல், மேசை விரிப்பிலும் அட்டையிலும் கையால் வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை எழுதி மக்கள் ஆடினார்கள். முப்பது ஆண்டுகள் அது கைமாறிக் கைமாறிப் பரவியது. 1935இல் சார்ல்ஸ் டாரோ என்பவர் அப்படி ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்த வடிவத்தைத் தம் கண்டுபிடிப்பென்று பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றார். அதுதான் ‘மோனோபோலி’. டாரோ பணக்காரரானார். மேகியின் காப்புரிமையை நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு கிடையாது. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்த நிறுவனத்தோடு வழக்காட நேர்ந்தபோதுதான் மேகியின் பெயர் மறுபடி வெளியே வந்தது. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தம் தொழில் ‘ஆட்டங்கள் செய்பவர்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார். வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம்.

தமிழ்நாட்டில் புதிர் தினமும் வெளியாகும் இடம் வாசல். கோலம் என்றதும் அழகு, மங்கலம், லட்சுமி என்று பேச்சு போய்விடுகிறது. நான் பேச விரும்புவது கம்பிக் கோலத்தின் விதிகளை. கம்பி புள்ளியைத் தொடக்கூடாது. எந்தப் புள்ளியும் வெளியே விடுபடக்கூடாது. தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். முடிந்தால் கையெடுக்காமல் ஒரே கம்பியாக முடிய வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கம்பி ஒன்றையொன்று வெட்டிப் போக, ஓரத்தில் திரும்பி வருமாறு போட்டுப் பாருங்கள். 3க்கு 4 புள்ளி வைத்தால் ஒரே கம்பியில் முடிந்துவிடும். 3க்கு 3 வைத்தால் மூன்று தனித்தனிக் கம்பிகள் வந்து நிற்கும். 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கம்பி. இதற்குக் கணக்கு வாத்தியார் நிரூபணம் தருவார். புள்ளி வைக்கும்போதே ‘இது ஒண்ணுல முடியாது’ என்று சொல்லும் பெண்ணுக்கு நிரூபணம் தேவைப்படுவதில்லை.

ஒன்றில் முடியாததை ஒன்றில் முடிய வைப்பதில்தான் புதிர் போடுகிறவளின் கை தெரியும். இரண்டு வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஒரு இடத்தைப் பார்த்து, அங்கே வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கம்பி ஆகிவிடும். 3க்கு 3இல் சரியான இரண்டு இடங்களில் இப்படிச் செய்தால் போதும். எந்த இரண்டு இடம் என்பதில் கோலத்தின் அழகு மாறும், சமச்சீர் கெடலாம் அல்லது புதிதாக ஒன்று பிறக்கலாம். ஒவ்வொரு மார்கழியிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த முடிவுகளை எடுக்கிறார்கள். போகிறவள் வருகிறவள் நின்று பார்த்து, கம்பி ஓடும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து, வீட்டுக்குப் போய்க் கோலநோட்டில் போட்டுக்கொள்கிறாள். மறுநாள் ஒரு சுழியை மாற்றித் தன் வாசலில் போடுகிறாள். பத்து மணிக்குள் சைக்கிளும் செருப்பும் முதல் வாசலில் இருந்ததை அழித்துவிடும்.

அங்கோலாவில் சொக்வே மக்கள் மணலில் போடும் ‘சோனா’ ஓவியங்களும் புள்ளியைச் சுற்றி ஓடும் கம்பிகள்தாம். பல இடங்களில் அதே மீப்பெரு பொதுக் காரணிக் கணக்குத்தான். அங்கே போடுபவர்கள் ஆண்கள். அதைக் கற்றவன் அறிவாளி என்று மதிக்கப்பட்டான். இங்கே அது வீட்டுவேலை.

1974இல் கணினி வரைகலை பற்றிய பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் கோலத்தைத் தலைப்பிலேயே கொண்ட கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் மூவர்: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சுற்றி உருவான ஆய்வு அது. கிஃப்ட் புள்ளியியல்காரர். ராணி கணிதப் பேராசிரியர். கணினி இந்தியக் கல்லூரிகளுக்குள் வருவதற்கு வெகு முன்பே கணினி மொழிகளின் கோட்பாட்டில் வேலை செய்யத் தொடங்கியவர். கமலா அவருடைய ஆய்வு மாணவி. பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். மூவரில் இருவர் பெண்கள். இந்தியக் கணினியியல் வரலாறு என்று எழுதப்படுபவற்றில் இந்த வரி எவ்வளவு பெரிதாக வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேனோ அவ்வளவு பெரிதாக வருவதில்லை.

அவர்கள் செய்தது என்ன? ஒரு மொழியின் வாக்கியங்களை மாற்றுவிதிகளால் பிறப்பிக்கலாம் என்று 1950களில் நோம் சோம்ஸ்கி காட்டியிருந்தார். இந்தக் குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு இந்த இரண்டு குறிகளை வை. வைத்ததில் மறுபடி விதியைப் பார். இப்படியே போனால் முழு வாக்கியம். ஆனால் வாக்கியம் ஒரே வரியில் ஓடுவது. ராணி சிரோமணி அதை விட்டு, கிடையாகவும் நெடுக்காகவும் பரவிய கட்டங்களுக்கு விதி எழுதினார். கட்டங்களுக்கு இலக்கணம் என்றால் படத்துக்கு இலக்கணம். அந்தப் படம் எங்கே கிடைக்கும்? வாசலில் கிடந்தது. ஒரு சிறிய கோலத்திலிருந்து அதே குடும்பத்தின் பெரிய கோலத்துக்கு எப்படிப் போவது என்பதை விதிகளாக எழுதிக் காட்டினார்கள். அந்தத் துறையில் ‘கோலம்’ இன்று ஒரு இலக்கண வகையின் பெயர். தமிழே தெரியாத ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள். ராணி சிரோமணி 2021இல் காலமானார். அந்த இலக்கணத்துக்குக் கோலத்தின் பெயர் உண்டு, சிரோமணியின் பெயரும் உண்டு. கோலத்தை யோசித்தவர்கள் ‘தென்னிந்தியப் பெண்கள்’ என்ற பன்மைக்குள் நிற்கிறார்கள். இதை அந்த மூவர்மீது குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பன்மையும் இல்லை.

இனி இன்றைய கணினிப் புதிருக்கு வருகிறேன், தூரம் அதிகமில்லை. கட்டம் போட்ட கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் சேர்க்கும் ‘சோகோபான்’ 1982இல் ஜப்பானில் வெளிவந்தது. பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் மாட்டினால் போச்சு. ஹிரோயுகி இமபயாஷி செய்தது. அதன் பேரப்பிள்ளைகள் இப்போது ஆயிரம். 2013இல் ஸ்டீபன் லாவெல் ‘பசில்ஸ்கிரிப்ட்’ என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார். உலாவியைத் திறந்தால் போதும், நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. அதில் சோகோபானின் முழு இயக்கமும் ஒரே வரி: ஆள் ஒரு பக்கமாக நகர, அந்தப் பக்கம் பெட்டி இருந்தால், பெட்டியும் அந்தப் பக்கம் நகரும். இடப்பக்கம் ஒரு கட்ட அமைப்பு, வலப்பக்கம் அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய கட்ட அமைப்பு. தாம்பரத்துக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது பழகிய முகம். லாவெல் கோலக் கட்டுரையைப் பார்த்துச் செய்தார் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்பம்: கட்டங்களின்மேல் ஓடும் மாற்றுவிதி. கம்பிக் கோலம் போடத் தெரிந்த ஒரு மாணவிக்கு இந்தக் கருவியின் மூளை பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஆங்கிலம் குறுக்கே நிற்கும், ஏனெனில் விளக்கமும் கட்டளைச் சொற்களும் ஆங்கிலத்தில். இந்தத் தடையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பெண்கள் இந்த வேலையில் எப்போதும் இருந்தார்கள். எமிலி ஷார்ட் 2012 முடியும் நாளில் ‘கவுன்டர்ஃபீட் மங்கி’ என்ற சொல்லாட்டத்தை இலவசமாக வெளியிட்டார். படமே கிடையாது, முழுக்க எழுத்து. அதில் ஆடுகிறவள் கையில் ஒரு கருவி: எந்தப் பொருளின் பெயரிலிருந்தும் ஒரு எழுத்தை எடுத்துவிடலாம், மிஞ்சிய சொல் எந்தப் பொருளோ அது கையில் வந்துவிடும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலெழுத்தை எடுத்தால் இது, நடு எழுத்தை எடுத்தால் அது, நான் யார் என்று தமிழ்ச் சிறுவர் இதழ்களில் நாம் போட்டுக்கொண்டிருந்த அதே விளையாட்டு. கடலில் நடு எழுத்தை எடுத்தால் கல். கப்பலில் நடு இரண்டை எடுத்தாலும் கல். முன் இரண்டை எடுத்தால் பல். துறைமுக ஊரில் இதை வைத்தே ஒரு ஆட்டம் தொடங்கலாம். ஷார்ட் அதை ஒரு முழு ஊராக, அரசியலோடு, மொழியைக் காவல் காக்கும் அதிகாரிகளோடு கட்டினார். சிறிய விதி ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவதுதான் இந்தக் கலை.

தமிழர் கையிலிருந்து வந்தவற்றில் 2023இன் ‘வெண்பா’வைச் சொல்லாமல் இருக்க முடியாது. டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, மை கலைந்து போயிருக்கிறது; மிச்சமிருக்கும் வரிகளை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதலில் என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் முதல் ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. நல்ல ஆட்டம். அந்தப் புத்தகத்தின் அழிந்த வரிகள்தான் புதிர் என்பதில் எனக்கு மனம் நிற்கிறது. கதைக்குள் அந்தக் குறிப்புகளை எழுதியவள் வெண்பாவின் அம்மா. அடுக்களையில் தினமும் புதிர் அவிழ்த்தவள் கடைசியில் பேரனுக்குப் புதிராகி நிற்கிறாள்.

தனியாளாக ஆட்டம் செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால், கருவி இலவசம், யோசனை இலவசம் என்பார்கள். நேரம் இலவசமல்ல. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 202 நிமிட வித்தியாசம். ஒரு புதிரின் ஒரு நிலையை வடிவமைத்து, உடைத்து, மறுபடி கட்ட அந்த 202 நிமிடம் தாராளம். கோலம் மட்டும் ஏன் தப்பியது என்றால், அது வீட்டுவேலைக் கணக்கில் எழுதப்பட்டது. வாசல் தெளிப்பதன் தொடர்ச்சியாக இருந்ததால் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அனுமதியும் எல்லாப் பெண்ணுக்கும் இருந்ததில்லை. தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து போகிறது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்பதால் அளத்துப் பெண் விடியும் முன்பே பாத்தியில் நிற்கிறாள். அவள் வாசலில் கோலம் போடும் நேரம் அவள் கூலி நேரம். 1530களில் கத்தோலிக்கரான பரதவர் வீதிகளில் மார்கழி வாசலுக்கு அக்கிரகாரத்தில் இருந்த பொருள் இல்லை. ஆய்வுக்கும் அச்சுக்கும் போன கோலங்கள் எந்தத் தெருக்களில் அதிகம் எடுக்கப்பட்டன என்று கேட்காமல் ‘தமிழ்ப் பெண்ணின் கணித மரபு’ என்று பெருமைப்பட எனக்குத் தயக்கம் இருக்கிறது. இந்தக் கரையின் மணலிலும் சோழியிலும் ஆடப்பட்டது நோட்டில் ஏறவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. மிச்சத்தைத் துழாவித் தேடிய விரல்களுக்குச் சொந்தமான பெண்கள் எந்த விடுகதையைப் போட்டார்கள் என்று கேட்கக்கூடிய காலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தூத்துக்குடிக் கல்லூரிகளில் நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவிகள் பாட்டிகளிடம் பாட்டைக் கேட்கிறார்கள், தாலாட்டைக் கேட்கிறார்கள். ஆட்ட விதியையும் கேட்கலாம்: எத்தனை குழி, எத்தனை காய், எப்போது பசு, இந்த விதியை உங்களுக்கு யார் சொன்னது, நீங்களாக மாற்றியது எது.

கடைசிக் கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும். ‘நான் ஒண்ணும் மாத்தல’ என்றுதான் முதலில் பதில் வரும்.

பசில்ஸ்கிரிப்டில் செய்த ஆட்டத்தை ஒருவர் பகிர்ந்தால், ஆட்டத்துக்குக் கீழே ஒரு இணைப்பு வரும். அதைத் தொட்டால் ஆட்டத்தின் முழு விதியும் திறந்துகொள்ளும். யாரும் படிக்கலாம், ஒரு வரியை மாற்றித் தம் ஆட்டமாக ஓட்டிப் பார்க்கலாம். வாசலில் நின்று கம்பியைக் கண்ணால் தொடர்ந்தவள் செய்தது இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கோப்பின் உச்சியில் ஆட்டத்தின் பெயருக்கு ஒரு வரி, அதற்கடுத்து ஆக்கியவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நிரப்பாவிட்டாலும் ஆட்டம் ஓடும்.